ஜல்லியில் தேக்கிய வெயில்: 14 மாதம் ஓட்டிய பிறகு எழுதுகிறேன்

வெயிலின் சூட்டை ஜல்லியில் தேக்கி, சாயங்காலம் அதிலிருந்து கரண்டும் வெந்நீரும் எடுக்கும் இயந்திரம் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். முதலிலேயே மதிப்பெண்ணைப் போட்டுவிடுகிறேன், பாதியில் எழுந்து போகிறவர்களுக்கு வசதி. கரண்டுக்காக மட்டும் என்றால் 5க்கு 2. சூட்டுக்காக என்றால் 5க்கு 4. ஒரே இயந்திரத்துக்கு இரண்டு மதிப்பெண் போடுவது நழுவுகிற மாதிரித் தெரியலாம். ஆனால் 14 மாதம் இதோடு மாரடித்த பிறகு எனக்கு வேறு வழி தெரியவில்லை. விற்கிறவர்கள் இதைக் கரண்டு தரும் இயந்திரம் என்றுதான் விற்கிறார்கள், நான் இன்றைக்கு இதைச் சூடு தரும் இயந்திரமாகத்தான் வைத்திருக்கிறேன், கரண்டு அதில் கொசுறு.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சின்ன ஆட்கள், கெட்ட எண்ணம் கொண்டவர்கள் இல்லை, அதோடு நான் சொல்லும் குறைகளில் முக்கால்வாசி இதே அமைப்பில் யார் செய்தாலும் வரக்கூடியவைதான்.

என்ன வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். பரவளைய வளைவு கொண்ட இரண்டு நீளமான கண்ணாடித் தொட்டிகள், ஒவ்வொன்றும் 2 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளம், ஆக 16 சதுர மீட்டர். தொட்டியின் குவியக் கோட்டில், அதாவது ஒளியெல்லாம் வந்து சேரும் கோட்டில், கருப்புப் பூச்சு பூசிய குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிக் குழல். குழாய்க்குள் எண்ணெய் ஓடும். வெயிலில் 180 டிகிரி வரை சூடேறி ஒரு இரும்புத் தாங்கிக்குள் (டேங்க்) போகும். தாங்கி நிறைய 1,500 கிலோ ஜல்லி, ஜல்லியின் இடுக்குகளில் எண்ணெய். சாயங்காலம் அந்தச் சூட்டை எடுத்து ஒரு பெட்டிக்குள் இருக்கும் எஞ்சினுக்குக் கொடுத்தால் அது கரண்டு எடுக்கும், மிச்சச் சூட்டை வெந்நீராக வெளியே தள்ளும். அந்த வெந்நீர்தான் எனக்கு முக்கியம். தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன், பச்சை மரத்தை உலர்த்த ஓர் அறை உண்டு, அதற்கு 50, 55 டிகிரிச் சூடு இரவு பகலாக வேண்டும்.

எஞ்சின் என்றவுடன் ஸ்டீம் எஞ்சினைக் கற்பனை செய்யாதீர்கள். ஏசியில் இருக்கும், உள்ளே சுருள் வைத்த ஸ்க்ரோல் கம்ப்ரஸரைத் திருப்பி ஓட்டுகிறார்கள், அவ்வளவுதான். கம்ப்ரஸர் கரண்டைத் தின்று வாயுவை அழுத்தும், இதில் அழுத்தமான வாயு உள்ளே வந்து விரிந்து அதே சுருளைச் சுற்றி ஜெனரேட்டரை ஓட்டும். தண்ணீருக்குப் பதில் ஆர்245எஃப்ஏ என்ற திரவம், சாதாரணக் காற்றழுத்தத்தில் 15 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் 120 டிகிரியில் நல்ல அழுத்தம் கிடைக்கும். ஆர்கானிக் ரேங்கின் சுழற்சி என்று இதற்குப் பெயர். பட்டறைக்கு வயரிங் செய்து கொடுக்கும் அண்ணன் முதல் நாள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது எஞ்சின் மாதிரியே இல்லையே, ஏசியைப் பின்பக்கமா மாட்டின மாதிரில்ல இருக்கு" என்றார். இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது.

இனி கணக்கு. இதுதான் வாங்குவதற்கு முன் யாராவது என்னை உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம்.

தெளிவான நாளில் நேர் வெயில் சதுர மீட்டருக்கு 800 வாட் என்று வையுங்கள். 16 சதுர மீட்டருக்கு 12.8 கிலோவாட். கண்ணாடியில் கொஞ்சம், குழலில் கொஞ்சம், குழாயின் சூடு காற்றில் கொஞ்சம் என்று போனது போக, எண்ணெயில் ஏறுவது ஆறரை கிலோவாட் சொச்சம். ஒரு நல்ல நாள் முழுக்க ஓடினால் 45 யூனிட் சூடு (கரண்டு பில்லில் வரும் அதே யூனிட், ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம்). தாங்கியில் இரவு வரை நிற்கும்போது கொஞ்சம் கசிந்து எஞ்சினுக்குப் போவது 40 யூனிட். அதிலிருந்து கையில் கிடைக்கும் கரண்டு 3.2 யூனிட். ஆமாம், மூன்றே கால்கூட இல்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை.

அதே 16 சதுர மீட்டரில் சாதாரண சோலார் பேனல் போட்டிருந்தால், 20 சதவீதத் திறன் என்று வைத்தாலும் 3.2 கிலோவாட் பேனல், நல்ல நாளில் 15 யூனிட் வரும். லித்தியம் பேட்டரியில் போட்டு எடுத்தால் பத்தில் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான். எண்ணெய் இல்லை, ஜல்லி இல்லை, பம்ப் இல்லை, சத்தம் இல்லை. கரண்டு மட்டும் வேண்டும் என்பவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு பேனல் வாங்கப் போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சரி, இதில் யார்மீது பழி போடுவது? பாதிப் பழி இயற்கைமீது. வெப்ப எஞ்சின் எதுவாக இருந்தாலும், சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அதன் பிழைப்பு என்று 1824லேயே சாடி கார்னோ சொல்லிவிட்டார். என் எஞ்சினில் திரவம் 120 டிகிரியில் ஆவியாகி 35 டிகிரியில் குளிர்கிறது, அந்த இடைவெளியில் குறையே இல்லாத எஞ்சின் ஒன்று இருந்தால்கூட 21 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலேதான் எடுக்க முடியும். நிஜ எஞ்சின் அதில் பாதியை எட்டினாலே கை தட்ட வேண்டும், இது 10 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஆகவே எஞ்சினைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

மீதிப் பழி விளம்பரத் தாள்மீது. அதில் கொட்டை எழுத்தில் 1 கிலோவாட் என்று போட்டிருந்தது. ஜெனரேட்டர் முனையில் அளந்தால் அது உண்மைதான், மீட்டர் வைத்துப் பார்த்தேன், 1,000 வாட்டை ஒட்டியே வருகிறது. ஆனால் திரவத்தைத் தள்ளும் பம்ப்புக்கு 120, எண்ணெய் பம்ப்புக்கு 50, குளிர்நீர் பம்ப்புக்கு 40, கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு 30 என்று அதுவே தின்பது 240 வாட். மிச்சம் 760. தன் சம்பளத்தில் கால்வாசியைத் தானே சாப்பிட்டுவிடுகிற வேலைக்காரன். இதைக் கேட்டபோது, "எல்லாரும் மொத்த உற்பத்தியைத்தான் சார் போடுறாங்க" என்று பதில் வந்தது. வாங்குகிறவர்கள் ஒன்றே ஒன்று கேளுங்கள், பம்ப்புகளின் செலவு போக நிகரமாக எவ்வளவு என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

இந்த வகை எஞ்சினுக்குப் பழைய கதை ஒன்று உண்டு. ஹாரி ஸ்வி தாபோர், லூசியன் ப்ரோனிக்கி என்ற இரண்டு இஸ்ரேலியர்கள், சூரிய வெப்பத்தில் ஓடும் சிறிய டர்பைனை 1961ல் ரோமில் நடந்த ஐ.நா. மாநாட்டில் காட்டினார்கள். கரண்டு இல்லாத கிராமங்களுக்கு என்பதுதான் எண்ணம். அந்தச் சந்தை அமையவில்லை. பிற்காலத்தில் அந்தத் தொழில்நுட்பம் நன்றாகப் பிழைத்தது பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீரில். காரணம் எளிது, அங்கே சூடு ஏற்கெனவே தயாராக இருக்கிறது, கண்ணாடி வாங்கிச் சேர்க்க வேண்டியதில்லை, பத்தில் ஒன்பது பங்கு வீணானாலும் யாருக்கும் வலிக்காது. என் வீட்டுக் கணக்கும் அதேதான், வலி முழுக்கக் கண்ணாடியில் இருக்கிறது.

இவ்வளவு திட்டிவிட்டு ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்றால், அந்தத் தாங்கிக்காக.

தாங்கியின் வெளிச்சுவரில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என மூன்று வெப்பமானிகள். காலையில் மூன்றும் கிட்டத்தட்ட 100ஐக் காட்டும். வெயில் ஏற ஏற, மேல் முள் மட்டும் 180க்கு ஓடிவிடும், நடுமுள் அசையாது, கீழ்முள் தூங்கும். பன்னிரண்டரை மணிவாக்கில் நடுமுள் திடீரென்று எழுந்து ஓடும், கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்துக்குள் மேல் முள்ளை எட்டிப் பிடித்துவிடும். சூடான எண்ணெய் லேசு, மேலேயே நிற்கும். குளிர்ந்தது கனம், கீழே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு மாற்றப் பட்டை இருக்கிறது, அது பகல் முழுக்க மேலிருந்து கீழே மெல்ல இறங்குகிறது, இரவில் எஞ்சின் ஓடும்போது கீழிருந்து மேலே ஏறுகிறது. கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் மூன்று முள்ளையும் பார்த்தே அது எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடலாம். இதில் உள்ள நன்மை என்னவென்றால், தாங்கியில் பாதிதான் சூடு இருக்கிறது என்றாலும் எஞ்சினுக்குப் போவது 175, 180 டிகிரி எண்ணெய்தான், எல்லாம் கலந்து 140 ஆகிப்போன எண்ணெய் இல்லை. பம்ப்பை வேகமாக வைத்தால் இந்தப் பட்டை கலங்கிப் போகும். முதல் மாதம் அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டி வைத்திருந்தேன், மூன்று முள்ளும் ஒன்றாகவே ஏறின, எஞ்சின் முனகியது. வேகத்தைப் பாதியாகக் குறைத்த அன்றுதான் இந்த இயந்திரம் என்ன செய்ய நினைக்கிறது என்பதே புரிந்தது.

ஏன் ஜல்லி? தண்ணீர்தான் கிலோவுக்கு அதிகச் சூடு பிடிக்கும், கல்லைப்போல ஐந்து மடங்கு, ஆனால் 180 டிகிரியில் தண்ணீரைத் திரவமாக வைக்க 10 பார் அழுத்தம், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப்போலப் பத்து மடங்கு, வேண்டும், அது தாங்கி இல்லை, பாய்லர். பெரிய நிலையங்கள் சோடியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட் கலந்த உருக்கிய உப்பில் தேக்குகிறார்கள். ஸ்பெயினில் 2008ல் ஓடத் தொடங்கிய அண்டாசோல் 1 நிலையத்தில் மட்டும் 28,500 டன் உப்பு, சூரியன் இறங்கிய பிறகு 50 மெகாவாட்டை ஏழரை மணி நேரம் தரும். ஆனால் அந்த உப்பு 220 டிகிரிக்குப் பக்கத்தில் உறைந்துவிடும். ஆட்கள் இரவு பகலாக நிற்கும் இடத்துக்கு அது சரி, என் பட்டறையில் ஒரு வாரம் மழை பிடித்தால் குழாய் நிறையக் கல்லாகிவிடும். ராஜஸ்தானில் ஆபு ரோடு அருகே இருக்கும் இந்தியா ஒன் நிலையத்தில் வேறு வழி பிடித்தார்கள், 60 சதுர மீட்டர் கண்ணாடித் தட்டுகள் 770 வைத்து, ஒவ்வொன்றின் குவியத்திலும் ஒரு வார்ப்பிரும்புக் கட்டி, அதுவே சூட்டை வாங்கும், அதுவே தேக்கும். எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு அது, எண்ணெயே வேண்டாம். ஆனால் அந்த அளவுக்குத் தட்டு வைக்க இடம் வேண்டும், ஆளும் வேண்டும். ஆப்பிரிக்காவின் லெசோத்தோவில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகக் குழு ஒன்று ஏசி பாகங்களையும் தொட்டிக் கண்ணாடிகளையும் கல் நிரப்பிய தேக்கத்தையும் வைத்துச் செய்ததும் என்னுடையதும் ஒரே குடும்பம்தான்.

ஜல்லியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, அதை நான் சூடுபட்டுத்தான் கற்றேன். கையேட்டில் ஜல்லியைத் தூசி போகக் கழுவச் சொல்லியிருந்தது, கழுவினோம். உலர்த்தச் சொல்லியிருந்ததா என்று இப்போது தேடினால் ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கிறது. இரண்டு நாள் வெயிலில் பரப்பிவிட்டுக் கொட்டிவிட்டோம். முதல் தடவை சூடேற்றும்போது 90 வரை ஒன்றுமில்லை. 105ஐத் தாண்டியதும் தாங்கிக்குள்ளிருந்து யாரோ மண்வெட்டியால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் இன்னொன்று, அப்புறம் தொடர்ச்சியாக. மேலே காற்றுப் போக்கி வழியாகப் பழுப்பு நுரை பொங்கி வழிந்து பக்கவாட்டில் இறங்கியது. கல்லுக்குள் ஊறியிருந்த ஈரம் சூடான எண்ணெயில் ஆவியாகிறது, ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும், அது எங்கே போகும்? அண்ணன் ஓடிப்போய்த் தொட்டிகளை வெயிலிலிருந்து திருப்பிவிட்டார். அதன் பிறகு நான்கு நாள், 95லிருந்து 120 வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஆவி நிற்கும் வரை காத்திருந்து, மறுபடி ஏற்றி, அப்படித்தான் ஈரத்தை விரட்டினோம். 12 லிட்டர் எண்ணெய் தரையில் போனது. யாரும் பக்கத்தில் நிற்காதது அதிர்ஷ்டம்.

எண்ணெய் என்றதும் இன்னொன்று. 400 லிட்டர் எண்ணெய் 30 டிகிரியிலிருந்து 180க்குப் போகும்போது 40 லிட்டருக்கு மேல் பெருக்கும், அதற்கு மேலே தனியாக விரிவுத் தொட்டி வேண்டும். எனக்கு வந்தது 25 லிட்டர்த் தொட்டி. கூட்டிக் கழித்துப் பார்த்துச் சொன்னதும் பெரியதை அனுப்பிவைத்தார்கள், தாமதம் இல்லாமல். இது அவர்கள் பக்கம் ஒரு நல்ல புள்ளி, ஆனால் ஏன் வாடிக்கையாளர் கணக்குப் போட வேண்டும்?

தீ விஷயத்தில் விளையாட வேண்டாம். கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் 1984ல் கட்டிய எஸ்இஜிஎஸ் என்ற சூரிய வெப்ப மின் நிலையங்களில் முதலாவதில் கனிம எண்ணெயில்தான் சூட்டைத் தேக்கினார்கள், அந்தத் தேக்கம் 1999ல் தீயில் போனது. என்னுடையது அதன் ஓரத்தில் ஒரு துளி, ஆனால் எண்ணெயின் குணம் ஒன்றுதான். ஆறாவது மாதம் தாங்கிக்கு அடியில் ஒரு மூட்டில் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது, சூடு கசியாமல் இருக்க மேலே ராக்வுல் என்ற கல் இழைப் போர்வை சுற்றியிருந்ததால் வெளியே தெரியவே இல்லை. ஒரு வாசனைதான் காட்டிக்கொடுத்தது, பழைய மெழுகு கருகுகிற மாதிரி. தகட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ராக்வுல் எண்ணெயில் ஊறிக் கருப்பாகியிருந்தது. இப்படி ஊறின ராக்வுல் உள்ளுக்குள்ளேயே மெல்ல ஆக்சிஜனோடு சேர்ந்து சூடேறித் தானாகப் பற்றிக்கொள்ளும், வெளியிலிருந்து நெருப்பு வேண்டியதில்லை. பாய்லர் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும், எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்போது மூட்டுகள் எல்லாவற்றையும் மூடாமல் திறந்தே விட்டிருக்கிறேன், கீழே சிறு தட்டு வைத்திருக்கிறேன். அந்த இடங்களில் சூடு போகிறதுதான், போகட்டும்.

சூடு போவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாயங்காலம் எஞ்சினை ஓட்டாமல் அப்படியே விட்டுப் பார்த்தேன். 180ல் நின்ற தாங்கி மறுநாள் காலை 168. இது மோசமில்லை என்பார்கள், ஆனால் பெரிய உப்புத் தாங்கிகள் நாளெல்லாம் இருந்தும் ஓரிரு டிகிரிதான் இழக்கின்றன. அதற்குக் காரணம் அவர்களின் திறமை மட்டும் இல்லை, அளவு. தாங்கியை ஒவ்வொரு பக்கமும் பத்து மடங்கு பெரிதாக்கினால் சூடு கசியும் தோல் 100 மடங்குதான் ஆகும், உள்ளே பிடிக்கும் சூடு 1,000 மடங்கு ஆகும். சின்னதாகச் செய்கிறவன் இதில் எப்போதும் தோற்பான். இருந்தும் என் தாங்கியில் ஒரு தவறு இருந்தது. நான்கு இரும்புக் கால்கள், வெறும் இரும்பு, தரையில் பதித்தவை, இரவில் தொட்டால் கை பொறுக்காது. 15 சென்டிமீட்டர் ராக்வுல் போர்த்திவிட்டுக் காலில் ஓட்டை விட்ட கதை. கால்களுக்கு அடியில் சூட்டைக் கடத்தாத கால்சியம் சிலிக்கேட் கட்டைகளை வைத்த பிறகு 168 என்பது 172 ஆனது. நான்கு டிகிரி என்றால் என் தாங்கிக்கு இரண்டு யூனிட்டுக்கு மேல், தினமும்.

கண்ணாடிப் பக்கம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, தொட்டி அதன் பின்னால் ஓட வேண்டும், ஒரு டிகிரி பிசகினாலும் ஒளி குழாயைத் தவறவிடும். டிராக்கர் இதைச் சரியாகவே செய்கிறது, 14 மாதத்தில் ஒரே முறைதான் சென்சார் கண்ணைத் துடைத்தேன். சிக்கல் மேகம். லேசான வெண்மேகப் போர்வை இருந்தாலும் பேனல் மூன்றில் ஒரு பங்காவது தந்துகொண்டிருக்கும், இது பூஜ்யம். சிதறின ஒளியைக் கண்ணாடி குவிக்காது. வெயில் பளீரென்று இருந்தும் தூசு மண்டின நாட்களில்கூட அடி வாங்கும். வருடத்தில் பாதி நாள் மூடிய வானம் என்றால் இந்தப் பக்கமே வராதீர்கள். கழுவுவது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, விடியற்காலையில், குழல் குளிர்ந்திருக்கும்போது.

ஒரு நடுமதியம் எண்ணெய் பம்ப்பின் ஃப்யூஸ் போய்விட்டது. பம்ப் நின்றது, தொட்டி மட்டும் கடமை தவறாமல் சூரியனைப் பார்த்துக்கொண்டே இருந்தது. குழாய்க்குள் நிற்கும் எண்ணெய் நிமிடத்தில் கருகிப் படிந்துவிடும். நானும் அண்ணனும் மரத்தூள் மூடி வைக்கும் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடிக் கண்ணாடிமேல் போர்த்தினோம், தார்ப்பாயின் ஓரம் குவியக் கோட்டில் பட்ட இடம் புகைந்தது. ஓட்டம் நின்றால் தொட்டி தானாகத் திரும்பிக்கொள்ளும் ஏற்பாடு அடிப்படை மாடலில் இல்லை. அதைக் கூடுதல் வசதி என்று தனியாக விற்பது எனக்குச் சம்மதமே இல்லை, அது பிரேக்கைத் தனியாக விற்கிற மாதிரி. பிறகு நாங்களே ஒரு சின்ன பேட்டரியும் ஓட்ட சுவிட்சும் வைத்து, எண்ணெய் ஓட்டம் நின்ற பத்தாவது விநாடியில் தொட்டி திரும்பும்படி செய்துகொண்டோம்.

இனி எனக்குப் பிடித்த நேரத்துக்கு வருகிறேன். சாயங்காலம் ஆறரை. வால்வைத் திறந்து எண்ணெயை எஞ்சின் பக்கம் விடுகிறேன். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்காது, அழுத்தமானி முள் இரண்டு பாரில் கிடக்கும். அப்புறம் அது மெதுவாக எழும், ஆறு, ஒன்பது, பதினான்கு. பதினைந்தைத் தாண்டும்போது ஸ்க்ரோல் ஒரு முறை செருமிவிட்டுச் சுழலத் தொடங்கும், முதலில் கரகரப்பு, பிறகு சீரான ஒரு ரீங்காரம், பழைய ஃபிரிட்ஜ் ஒன்று சந்தோஷமாக இருக்கிற மாதிரி. வெளியே இருட்டு. கண்ணாடித் தொட்டிகள் முகத்தைக் கீழே கவிழ்த்துத் தூங்குகின்றன. பட்டறையில் விளக்கு எரிகிறது, மத்தியானத்து வெயிலில் எரிகிறது. எட்டுப் பத்து எல்இடி விளக்கு, இரண்டு ஃபேன், பட்டை இழுக்கும் சின்ன மெஷின் ஒன்று, இவ்வளவும் நான்கு மணி நேரம் ஓடும். பேனல் வைத்திருந்தாலும் ஓடும்தான், தெரியும். ஆனாலும் தினமும் அந்த முள் எழுவதை நின்று பார்க்கிறேன்.

வெந்நீர்க் கதைதான் என் மதிப்பெண்ணை 4க்கு ஏற்றியது. எஞ்சினுக்குள் போகும் 40 யூனிட்டில் 3.2 கரண்டு போக, மிச்சத்தில் பெரும்பகுதி, ஆவியைக் குளிரவைத்துத் திரவமாக்கும் கண்டென்சரின் தண்ணீரில் வருகிறது. 35 டிகிரியில் வந்தால் எஞ்சினுக்கு நல்லது, மரத்துக்குப் பயனில்லை. 58, 60க்கு ஏற்றினால் உலர்த்தும் அறைக்கு அருமை, ஆனால் எஞ்சினின் குளிர்ந்த பக்கம் ஏறிவிட்டதால் 760 வாட் 520 ஆகிவிடுகிறது. இரண்டு பக்கமும் இனிக்கிற மாதிரி விளம்பரத்தில் எழுதியிருந்தார்கள், ஒரே நேரத்தில் இரண்டும் கிடையாது. நான் தயங்காமல் மரத்தின் பக்கம் போய்விட்டேன். ஒரு லிட்டர் ஈரத்தை மரத்திலிருந்து விரட்டக் குறைந்தது 0.65 யூனிட் சூடு வேண்டும், நடைமுறையில் ஒரு யூனிட்டுக்கு மேல். அதைக் கரண்டு ஹீட்டரில் செய்கிறவர்களுக்கு அந்த வலி தெரியும். பேனலின் 15 யூனிட்டை அப்படியே ஹீட்டரில் போட்டாலும் 15தான், இந்தத் தொட்டிகள் அதே இடத்தில் 45 தருகின்றன. கரண்டில் பேனல் என்னுடையதைப்போலக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு, சூட்டில் என்னுடையது பேனலைப்போல மூன்று மடங்கு. கடந்த மூன்று மாதமாக வாரத்தில் நான்கு நாள் எஞ்சினை எழுப்புவதே இல்லை, தாங்கியிலிருந்து நேராக அறைக்குச் சூட்டை எடுத்துவிடுகிறேன்.

ஃபின்லாந்தில் கான்கான்பா என்ற ஊரில் 2022ல் 100 டன் மணலில் சூட்டைத் தேக்கும் அமைப்பு ஒன்றை வைத்தார்கள். மணலை 500 டிகிரிக்கு மேல் சூடேற்றி வைத்துக்கொண்டு, அதைக் கரண்டாக மாற்றும் வேலைக்கே போகாமல், ஊரின் குழாய்களில் சூடாகவே அனுப்புகிறார்கள். படித்தபோது அட, இவர்களும் எஞ்சினை எழுப்புவதில்லையே என்று தோன்றியது.

எஞ்சின் இல்லாமல் தொட்டியும் தாங்கியும் மட்டும் தருவீர்களா என்று அந்த நிறுவனத்தைக் கேட்டேன். அப்படி யாரும் கேட்டதில்லை என்றார்கள். கேளுங்கள். சூடு தேவைப்படுகிற பட்டறை, சாயப்பட்டறை, சலவை வேலை, உலர்த்தும் வேலை எதுவாக இருந்தாலும், அதை மட்டும் வாங்கலாம், பராமரிப்பும் பாதியாகிவிடும். அந்த ஆர்245எஃப்ஏ வாயுவும் கார்பன் டை ஆக்சைடை விடப் பல நூறு மடங்கு வெப்பத்தைப் பிடிப்பது, கசிந்தால் நல்லதில்லை, நிரப்ப ஏசி மெக்கானிக் எல்லாருக்கும் தெரியாது. எனக்கு ஒரு முறை நிரப்பத் தேவைப்பட்டது, ஆள் கிடைக்க மூன்று வாரம் ஆனது.

இப்போதைக்கு நிற்கும் வேலை ஒன்று இருக்கிறது. வலப்பக்கத் தொட்டியில் ஒட்டியிருக்கும் அலுமினிய மினுமினுப்புத் தாள் ஒன்பதாவது மாதத்திலிருந்து ஓரங்களில் உப்பிக்கொண்டு வருகிறது, ஈரம் உள்ளே போயிருக்கிறது. இடப்பக்கத் தொட்டிக்கும் அதற்கும் மதியம் 9 டிகிரி வித்தியாசம் காட்டுகிறது. தாளைக் கழற்றிவிட்டு வெள்ளி பூசிய மெல்லிய கண்ணாடிப் பட்டைகளை ஒட்டப் போகிறோம், அண்ணன் அளவெடுத்துவிட்டார். மாற்றிய பிறகு மூன்று முள்ளும் என்ன சொல்கின்றன என்று இதே இடத்தில் எழுதுகிறேன்.